ஒரே மாதிரியானவை: 212

காலை ஏழுக்கு ஒன்று, மாலை ஐந்துக்கு ஒன்று.
மழைக்காலம் முடியும்வரை
நாலாம் நம்பர் சரிவைப் படமெடுத்து அனுப்பச் சொல்லித்
தலைமையகத்து உத்தரவு.
கொழுந்து நிறுக்கும் கிராணிக்கு இது கூடுதல் வேலை,
கூடுதல் சம்பளம் இல்லை.
தேதி தெரிய வேண்டும். மலை தெரிய வேண்டும்.

ரிங்லெட்டின் டிசம்பர் மலை
உத்தரவுக்கெல்லாம் தெரிவதில்லை.

பதினைந்து டிகிரி.
கனடாவிலிருந்து அக்கா மகன் சிரிக்கிறான்:
'அதுக்குப் பேரு குளிரா சின்னம்மா?'
அவன் அனுப்பும் மலைகள் பல் துலக்கியதுபோல் இருக்கின்றன.
என்னுடையது
கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டு
எழுந்திருக்கமாட்டேன் என்கிறது.

தூறலில் கைப்பேசிக்கு விரல் தெரியாது.
மழைத்துளி தொட்டால் படமெடுக்கிறது,
நான் தொட்டால் யாரோ என்கிறது.
நாசி லெமாக் வாங்கிவந்த பையைக் கழுவி
அதற்குச் சட்டை போட்டேன்.
அப்புறம் இன்னொன்று:
மூடுபனியை அது நம்புவதில்லை.
இவ்வளவு வெள்ளை இருக்க நியாயமில்லையென்று
தானாகவே சாம்பல் பூசிவிடுகிறது.
பனியின்மேல் விரல் வைத்து,
திரையில் முளைக்கும் குட்டிச் சூரியனை
மெல்ல மேலே தள்ளி,
வெள்ளை வெள்ளைதான் என்று
தினமும் எடுத்துச் சொல்ல வேண்டும்.
அந்த மாதங்களில் எங்கள் தோட்டத்தில்
சூரியன் ஏறியது அப்படி மட்டும்தான்.

'தாக் ஜெலாஸ்,' என்று பதில் போடுவார் என்சிக் ஹஸ்ருல்.
தெளிவில்லையாம்.
எனக்கும்தான்.
ஒருநாள் சலிப்பில்
அக்டோபர் படத்தின் தேதியை மாற்றி அனுப்பினேன்.
உடனே கட்டைவிரல் வந்தது.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்க
கைப்பேசி சொன்னது:
இடம் நிரம்பிவிட்டது.
ஒரே மாதிரியான படங்கள் 212.
ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கவா?

கரண்ட் இல்லாத இரவு. போர்வைக்குள் அந்தச் சின்ன வெளிச்சம்.
எதை வைத்துக்கொள்வதென்று பார்க்கத்தான்
கட்டைவிரலால் விசிறிவிட்டேன்.
மலை வந்தது, போனது, வந்தது.
பனி, பனி, கொஞ்சம் பச்சை, பனி,
தண்ணீர்த் தொட்டி, அதன் முன்னால் டெலிபோன் கம்பம்.
அக்டோபரில் தொட்டியை நடுவாகப் பிளந்து நின்றது கம்பம்.
தீபாவளி கழித்து, தொட்டியின் ஓரத்தில்.
நேற்று,
தொட்டிக்கும் கம்பத்துக்கும் நடுவே
ஒரு விரல் வானம்.

திரும்ப முதலிலிருந்து ஓட்டினேன்.
நான் எடுத்தது எல்லாம் ஒரே கல்லின்மேல் நின்றுதான்.
நகர்ந்தது நானில்லை.

கம்பத்துக்கு நேர் கீழே புது லயம்.
பாக்கியவதி வீட்டில் ஆறு பேர்,
அடுத்து நேபாளத்துப் பையன்கள் பதினேழு பேர்.
மூன்று படங்களை ஹஸ்ருலுக்கு அனுப்பினேன்.
மணி பதினொன்று நாற்பது.
ஒரு டிக், பிறகு இன்னொரு டிக். நீலமாகவில்லை.
டார்ச்சும் குடையுமாகச் சடக்கில் இறங்கினேன்.

தில் பகதூரிடம் என் மலாய்மொழி பாதிதான் போகும்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று தள்ளிக் காட்டினேன்.
ஒரு கேள்வியும் கேட்கவில்லை அவன்.
திரும்பிப்போய் மெத்தையைச் சுருட்டினான்.
மலை எழுந்து வருமென்பதை
அவன் ஊரில் பார்த்திருக்க வேண்டும்.

பாக்கியவதிதான் வாதாடினாள்.
பொங்கப் பானைக்கு மஞ்சள்கொத்து கட்டியாச்சு, பிள்ளைக்குச் சளி,
போட்டோவப் பாத்துட்டு யாராச்சும் வீட்ட விட்டுப் போவாங்களா?
கடைசியில் பானையோடு வந்தாள்.
பள்ளி மண்டபத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப்போட்டுப்
படுத்தார்கள் எல்லாரும்.

விடிந்தது.
சரிவு சரியவில்லை.
மண்டபத்திலிருந்து பாக்கியவதி பார்த்த பார்வைக்கு
நானே கொஞ்சம் சரிந்தேன்.

ஏழு மணி. அதே கல்.
சுத்த வெள்ளை. தொட்டியுமில்லை, கம்பமுமில்லை.
சூரியனை மேலே தள்ளி எடுத்து அனுப்பினேன்.
'தாக் ஜெலாஸ்,' என்றார் ஹஸ்ருல்.
இரவில் அனுப்பிய மூன்றும்
இன்னும் சாம்பல் டிக்கிலேயே இருந்தன.

கைப்பேசி மறுபடி கேட்டது, நீக்கவா என்று.
போன வருடம் பினாங்கு போனபோது
கடற்கரையில் நான் சிரித்த முப்பத்தோரு படங்களை அழித்தேன்.
சாயங்காலத்துக்கு இடம் கிடைத்தது.